முக்தாரின் மூன்று நாள்

"ஜுமானா, ஒரு மீனைத் தொட்டியில விடுறதுக்கு முன்னாடி அதுகிட்ட முதல்ல எதைப் பார்க்கணும், சொல்லு?"

பக்கத்து வீட்டு அபூ சினான் மாமா ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார்.

"நிறம்" என்றேன்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குள் அடுப்பில் தேநீர் பொங்கிவிட்டது. அவர் ஓடிப்போனார். பதிலைச் சொல்ல மறந்தே போனார்.

அபூ சினான் மாமா பாக்தாத்துக்கும் மோசூலுக்கும் இடையே முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். அபூ சினான் என்றால் சினானின் அப்பா; அந்த மகன் பஸ்ராவில் வேலை செய்கிறார். வீட்டில் மாமாவுக்குத் துணை ஒரு மீன்தான். பெரிய ஆஸ்கர் மீன். கறுப்பு உடம்பில் நெருப்புத் துண்டுகள் ஒட்டியது போல இருக்கும். உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு எல்லாரையும் முறைக்கும். தெரு வழக்குகளைத் தீர்த்துவைக்கும் பெரியவரை நாங்கள் முக்தார் என்போம். அந்த முகம் இருந்ததால் மீனுக்கும் முக்தார் என்றே பெயர்.

மாமாவின் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் "போய்ட்டு வர்றேன்" என்று எழுந்தால், வாசலைத் தாண்ட அரை மணி நேரமாகும். செருப்பு மாட்டும்போது ஒரு கதை, படியில் ஒரு கதை, தெருவில் நின்று இன்னொரு கதை.

போன திங்கட்கிழமை நாங்கள் குடும்பத்தோடு அவர் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனோம். அப்பா தொட்டியைப் பார்த்து, "மாஷா அல்லாஹ்! என்ன அழகான மீன்!" என்றார்.

மாமா நெஞ்சில் கை வைத்தார். "உங்களுக்குத்தான், அபூ யஸன். எடுத்துக்கோங்க!"

எங்கள் ஊரில் ஒரு பொருளைப் புகழ்ந்தால், வைத்திருப்பவர் இப்படித்தான் சொல்வார். புகழ்ந்தவர் உடனே, "உங்ககிட்ட இருந்தாத்தான் அழகு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்பா வாயில் அப்போது பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட கிளைச்சா பிஸ்கட் இருந்தது. அவர் அதை மென்று விழுங்குவதற்குள், என் ஐந்து வயதுத் தம்பி யஸன் எழுந்து நின்றான்.

"சரி மாமா. வாளி இருக்கா?"

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டார். அப்பாவுக்குப் புரை ஏறியது.

"அபூ சினான், அவன் சின்னப் பையன், தெரியாம..."

"குழந்தை கேட்டுட்டான். நான் சொன்னது சொன்னதுதான்" என்றார் மாமா. சிரித்துக்கொண்டேதான் வாளியை எடுத்து வந்தார். ஆனால் தொட்டிப் பக்கம் திரும்பியதும் அந்தச் சிரிப்பு காணாமல் போனதை நான் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு சின்னத் தொட்டி உண்டு. அதில் ஏழு நியான் மீன்கள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

"வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாளியிலயா வைக்கிறது? தொட்டியில விடுங்க" என்றார் அம்மா.

"வேண்டாம்மா" என்றேன். என் குரல் எப்போதுமே சின்னது. யார் காதிலும் விழவில்லை.

அப்பா வாளியைச் சாய்த்தார். முக்தார் உள்ளே போனது. வாயைத் திறந்தது. மூடியது.

ஏழு நியான் ஆறாகிவிட்டது.

அவ்வளவு பெரிய வாயை அப்போதுதான் சரியாகக் கவனித்தேன். அழுவதற்கு நேரமில்லை. வலையை எடுத்தேன். மீதி ஆறையும் பிடித்து, கண்ணில் பட்ட முதல் பாத்திரத்தில் தொட்டித் தண்ணீரோடு விட்டேன்.

"அடியே, அது என் தோல்மா பானை!" என்று அம்மா கத்தினார். "நாளைக்கு நான் எதுல சமைக்கிறது?"

"மீன் இல்லாத பானையில" என்றான் யஸன்.

மறுநாள் காலையிலேயே அபூ சினான் மாமா வந்துவிட்டார். கையில் எண்ணெய்ப் புட்டி.

"உங்க வீட்டுக் கதவு கீச்சுன்னு சத்தம் போடுதே, எண்ணெய் விடலாம்னு வந்தேன்."

கதவு சத்தமே போடவில்லை. அவர் ஒரு சொட்டு விட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். மதியம் பழைய செய்தித்தாளைக் கேட்டு வந்தார். மாலையில் உப்பு வாங்க வந்தார். மூன்று முறையும் தொட்டிக்கு முன்னால்தான் நின்றார்.

அவர் போனதும் நானும் போய் நின்றேன். முக்தார் நகரவே இல்லை. முகம் ஒரு பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தது. திரும்ப முயன்றால் வால் பின்கண்ணாடியில் இடித்தது. நெருப்பு நிறம் சாம்பலாகிவிட்டது. நான் போட்ட இறால் துண்டு அடியில் அப்படியே கிடந்தது.

அம்மாவின் தையல் நாடாவை எடுத்து வந்து அளந்தேன். முக்தாரின் நீளம் இருபத்தெட்டு செண்டிமீட்டர். தொட்டியின் அகலம் முப்பது. ஒரு அலமாரிக்குள் நிற்கச் சொல்லி யாராவது என் முன்னால் சோற்றை வைத்தால் நானும் சாப்பிடமாட்டேன்.

மாமாவின் தொட்டி சோபா நீளம். அதிலும் முக்தாரோடு சின்ன மீன் எதுவும் இல்லை. தட்டுப் போல அகலமான இரண்டு வெள்ளி டாலர் மீன்கள் இருந்தன. முக்தார் எவ்வளவு வாயைத் திறந்தாலும் அவை உள்ளே போகாது.

"அப்பா, முக்தாரைத் திருப்பிக் கொடுத்துடலாம். இங்கேயே இருந்தா செத்துப்போயிடும்."

"கொடுத்த பரிசைத் திருப்பிக் கொடுக்கிறது கொடுத்தவர் கன்னத்துல அறையற மாதிரிம்மா" என்றார் அப்பா. "அதுக்கப்புறம் அவர் நம்ம வாசப்படி மிதிப்பாரா?"

"பெரிய தொட்டி வாங்கலாமா?"

"அதை வச்சா நாமதான் வாளியில படுக்கணும்."

நான் யோசித்தேன். அம்மா சொன்ன வார்த்தை மனதிலேயே சுற்றியது. விருந்தாளி. எங்கள் ஊரில் விருந்தாளிக்கு மூன்று நாள் கணக்கு. மூன்று நாள் வரை "எதுக்கு வந்தே, எப்போ போவே?" என்று யாரும் கேட்கக் கூடாது. அதற்குப் பிறகு அவர் வழியனுப்பச் சொன்னால் தடுக்கவும் கூடாது.

விரல் விட்டு எண்ணினேன். வியாழக்கிழமையோடு மூன்று நாள் முடிகிறது.

வியாழன் மாலை அபூ சினான் மாமா ஏணியைக் கேட்டு வந்தார். அவரிடமே இரண்டு ஏணி இருக்கிறது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். எல்லார் காதிலும் விழும்படி குரலை உயர்த்தினேன்.

"மாமா, எங்க விருந்தாளிக்கு மூணு நாள் முடிஞ்சுபோச்சு."

"எந்த விருந்தாளி?"

"முக்தார்."

அப்பா பாதி எழுந்தார். "ஜுமானா!"

மாமாவின் புருவம் உயர்ந்தது. "அப்போ என் பரிசைத் திருப்பித் தர்றியா?"

"இல்ல மாமா. முக்தார் எங்க மீன்தான். நீங்க கொடுத்துட்டீங்க, நாங்க வாங்கிக்கிட்டோம். ஆனா எங்க வீட்டுல அதுக்குத் திரும்பக்கூட இடமில்ல. உங்க தொட்டியில கொஞ்ச நாள் தங்க வச்சுக்குவீங்களா? நாங்க வாராவாரம் பார்க்க வர்றோம்."

மாமா என்னைப் பார்த்தார். முக்தாரைப் பார்த்தார்.

"கொஞ்ச நாள்னா எவ்வளவு நாள்?" என்றார். அவர் குரல் என் குரலைவிடச் சின்னதாகிவிட்டது.

"அது சாகிற வரைக்கும்" என்றான் யஸன். "மாமா, வாளி இருக்கு!"

அவன் ஏற்கெனவே வாளியை இழுத்து வந்துவிட்டான். அம்மா திரும்பிக்கொண்டு சிரித்தார். அப்பா மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

நானும் மாமாவுமாக முக்தாரை வாளியில் இறக்கினோம். அப்போது எனக்கு அந்தப் பழைய கேள்வி ஞாபகம் வந்தது.

"மாமா, முதல்ல வாயைப் பார்க்கணும். அதுல எது நுழையுமோ அதைப் பக்கத்துல விடக் கூடாது. அப்புறம் வாலைப் பார்க்கணும். அது இடிக்காம திரும்ப இடம் இருக்கணும்."

மாமா வாயைத் திறந்தார். ஏதோ கதை வரப்போகிறது என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.

அவர் வாயை மூடிக்கொண்டார். என் தலையில் ஒருமுறை கை வைத்தார். பிறகு வாளியைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டார். ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் அப்பாவின் செருப்புமாக, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படியிறங்கிப் போனார்.