பதிலாள்களின் குளிர்விடுமுறை

மார்கழி பிறக்கப்போகிறது என்று வானிலை மன்றம் அறிவித்த அன்றே செங்குடியில் வீட்டுக்கு வீடு பதிலாள்களுக்குப் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒரு கம்பளிச் சால்வை, ஒரு குரங்குக் குல்லா, இரண்டு புத்தகங்கள். பதிலாள்களுக்குக் குளிராது, அவை இரும்பும் ரப்பரும் சேர்ந்த இயந்திரங்கள். ஆனால் ஊருக்குக் காட்டும் படத்தில் குல்லா இல்லாவிட்டால் குளிர்காலம் என்று யார் நம்புவார்கள்?

செவ்வாய்க் கிரகத்தில் திருநெல்வேலிக்காரர்கள் மூன்று தலைமுறைக்கு முன் குடியேறிய ஊர் செங்குடி. பெரிய கண்ணாடிக் கூரையின்கீழ் அவர்களுக்கென்று ஓர் ஆறும் உண்டு, பெயர் புதுப்பொருநை. மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டுக் குழாய் வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். வருடத்தில் பன்னிரண்டு நாள் மன்றம் குளிரைத் திறந்துவிடும். அந்தப் பன்னிரண்டு நாளும் ஆற்றங்கரையில் சுடலைமணி நடத்தும் விடுதியில் உட்கார்ந்து புத்தகம் படிப்பது ஊரில் பெரிய கௌரவம். ஆனால் நேரம் யாருக்கு இருக்கிறது? ஆகவே எல்லோரும் பதிலாளை அனுப்பினார்கள். அது திரும்பி வந்து சாரத்தைச் சொல்லும். கேட்டுக்கொண்டவர் ‘படித்துவிட்டேன்’ என்பார். பதிலாள் வரிசையில் நின்றால் நாம் நின்றதாகிறது, படித்தால் மட்டும் ஆகாதா என்பது ஊரார் கட்சி.

நீர்வளத் துறையில் மேற்பார்வையாளராக இருந்த ஆறுமுகநயினாரும் அந்தக் கட்சிதான். அவர் மனைவி செண்பகவல்லி ஏழு வருடத்துக்கு முன் ‘ஈரமணல்’ என்று ஒரு நாவல் எழுதினாள். மூன்று பதிப்பு வந்தது, ஊர்மன்றம் பரிசும் கொடுத்தது. நயினார் அதைப் பதிலாளிடம் கொடுத்து விடுதிக்கு அனுப்பி, வந்ததும் கேட்ட சாரத்தை மனைவியிடம் சொல்லி, “அருமை” என்றார். அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

இந்த மார்கழியின் கடைசி நாளில் நூலகத்தில் அந்த நாவலுக்கு ஒரு கூட்டம். கணவர் என்ற முறையில் நயினார் பத்து நிமிடம் பேச வேண்டும். “பேசட்டுமா?” என்று கேட்டதற்கு, “உங்க இஷ்டம்” என்று மட்டும் சொன்னாள் செண்பகவல்லி. பழைய சாரமோ மறந்துவிட்டது. மறுபடி அனுப்பலாம் என்றால் பதிலாளுக்குக் கழுத்து இறுகிப்போய்ப் பட்டறையில் கிடந்தது. வேறு வழியில்லாமல், நீரேற்று நிலையத்தில் தங்கிப் பார்க்கும் வேலை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, புத்தகத்தைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு அவரே கிளம்பினார். கட்டிய மனைவி எழுதியதை முதல்முதலாகப் படிக்கப் போகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

சுடலைமணி அவரைக் கண்டதும் திகைத்துப் போனான்.

“அண்ணாச்சி, நீங்களேவா வந்திருக்கீக? சாப்பாடு போடணுமே. அடுப்பு பத்தவச்சு வருசக் கணக்காகுது.”

“டீ குடுக்கீங்கன்னு படத்துல பாத்தேனே?”

“அது படத்துக்கு உள்ள டீ அண்ணாச்சி. காலையில வைப்போம், சாயங்காலம் எடுத்து ஊத்திருவோம்.”

கரையோரம் முப்பத்தொரு பதிலாள்கள் சால்வை போர்த்தி வரிசையாக உட்கார்ந்திருந்தன. நயினார் குல்லாவைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்தார். விடுதி தினமும் ஊருக்கு அனுப்பும் படத்தில் தானும் ஒரு பதிலாள் போலத் தெரிந்தால் போதும் என்றிருந்தது. புத்தகத்தைத் திறந்தார். ஒரு வரியைப் பிடித்தால் அடுத்த வரி நழுவியது. நான்கு பக்கம் தாண்டுவதற்குள் உச்சிப்பொழுதாகிவிட்டது. பக்கத்தில் கல்லூரி முதல்வர் வீட்டுப் பதிலாள் அதற்குள் பாதிப் புத்தகத்தை முடித்திருந்தது. அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“அதுல என்ன கதை?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பின்னட்டையில் இருப்பதைச் சொல்லட்டுமா?” என்றது அது.

“பின்னட்டை வேண்டாம். உள்ள என்ன இருக்கு?”

“உள்ளே படிக்கும்படி எனக்குச் சொல்லவில்லை ஐயா. நாற்பது நொடிக்கு ஒரு பக்கம் புரட்டச் சொன்னார்கள். இங்கே எல்லோருக்கும் அதே உத்தரவுதான்.”

“பெறகு வீட்டுல கேட்டா என்ன சொல்லுவ?”

“பின்னட்டையில் உள்ள மூன்று வரியைச் சொல்வேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.”

நயினாருக்குக் காது மடல் சுட்டது. கையிலிருந்த நாவலைத் திருப்பிப் பார்த்தார். ‘மனித உறவுகளின் ஈரத்தை நுட்பமாகத் தீட்டும் படைப்பு’ என்று இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் சாப்பாட்டு மேசையில், சொந்தமாகத் தோன்றியது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாக அவர் சொன்னது அதைத்தான். பதிப்பகத்தார் கேட்டார்கள் என்று அந்த வரியை எழுதிக் கொடுத்தவளே செண்பகவல்லிதான். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவள் எழுதியதை அவளிடமே ஒப்பித்துவிட்டு, பாராட்டிவிட்டதாக நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். அந்த இடத்திலேயே ஆற்றில் இறங்கிவிடலாம் போலிருந்தது. முழங்கால் ஆழம்தான், அதுவும் உதவாது.

அதன்பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை. சுடலைமணி வைத்த உப்புமாவைத் தின்றுவிட்டுப் படித்தார். கதை அவருக்குப் பிடிபடத் தொடங்கியது. கரை தேடி அலையும் ஒரு பரிசல்காரியின் கதை. அவள் கோபப்படும் விதம் அவருக்குத் தெரிந்த விதமாக இருந்தது. ஒன்பதாம் நாள் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தார். பரிசல் சுழலில் மாட்டிக்கொண்ட இடத்தில், கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பத்தி கிடந்தது.

‘இந்தப் பக்கம்வரை வந்துவிட்டவர் யாராக இருந்தாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்த இடத்தில் இப்படிக் கேட்பது முறையில்லை என்று தெரியும். ஆனாலும் காத்திருப்பேன்.’ கீழே செண்பகவல்லியின் செவிச்சில்லின் எண்.

மூன்று பதிப்பு. பரிசு. மேடையில் மாலை போட்டுப் பேசிய பதினாலு பேர். ஒருவர்கூடச் சொல்லவில்லை. மற்றவர்கள் கிடக்கட்டும், ஏழு வருடமாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சோறு தின்றவர் சொல்லவில்லை. நயினார் குல்லாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு காதுக்குப் பின்னால் இருந்த சில்லைத் தொட்டு அந்த எண்ணை அழைத்தார்.

“செண்பகம், நூத்தி நாப்பத்து மூணாம் பக்கம் வந்துட்டேன்.”

மறுமுனையில் பாத்திரம் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“பதிலாளுக்குக் கழுத்து சரியாயிட்டா?” என்றாள்.

“பதிலாள் இல்ல. நான் படிச்சேன். ஆத்தங்கரை விடுதியில இருக்கேன். நீரேற்று நிலையம்னு சொன்னது பொய்.”

“ஏழு வருசமா நீங்கதான் படிச்சீங்கன்னுதான சொல்லுதீங்க.” குரலில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பரிசல்காரியைப் பற்றிச் சொன்னார். சுழலைப் பற்றிச் சொன்னார். “அதெல்லாம் பதிலாளும் சொல்லும்” என்றாள். உண்மைதான், படித்தவன் சொல்லக்கூடிய நல்ல வார்த்தைகளையெல்லாம் அவர் ஏற்கெனவே படிக்காமல் சொல்லித் தீர்த்திருந்தார். சொல்ல அவரிடம் வெட்கக்கேடு ஒன்றுதான் மிச்சம்.

“நடுவுல தூங்கிட்டேன் செண்பகம். ஒரு தடவை இல்ல. பதினேழாம் பக்கத்துல தூங்குனேன், முழிச்சுப் படிச்சேன், மறுபடி தூங்கிட்டேன். முப்பத்தஞ்சாம் பக்கம் வாரதுக்கு நாலு நாளாச்சு. பெறகு தூங்கவே இல்ல. மன்னிச்சிரு.”

எந்தப் பதிலாளும் தூங்காது. அவள் மூச்சு ஒருமுறை நின்று மறுபடி வந்தது அவர் காதில் கேட்டது.

“எதுலருந்து எதுவரைக்கும்?”

“பதினேழுலருந்து முப்பத்தஞ்சு.”

அவள் குரல் கீழே இறங்கியது.

“அந்தப் பக்கங்க நான் எழுதுனது இல்லங்க. அச்சுக்குக் குடுக்க நாள் நெருங்கிட்டு. பதிலாள எழுதச் சொன்னேன்” என்றாள் செண்பகவல்லி. “யாரு படிக்கப் போறாகன்னு நெனச்சேன்.”