கேட்காமல் விரித்த புல்

அடுத்தவர் வீட்டு வாசலில் கேட்காமல் ஒரு கோலம் போட்டாலே வம்பு வரும். வேல்விழியோ ஒரு புல்தரையையே விரித்துவிட்டாள்... அதுவும் முன்பின் தெரியாத வீட்டில்.

அவளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஐப்பசி மழை அப்படிப் பெய்தது. பிரையண்ட் நகரில் முழங்கால் அளவு தண்ணீர். அவள் வந்த குட்டி யானை வண்டி நடுத்தெருவில் இருமிக்கொண்டே நின்றுபோக, டிரைவர் மெக்கானிக்கைத் தேடிப் போய்விட்டான். வண்டிக்குப் பின்னால் எண்பது சுருள் கொரியன் புல். ஓசூரிலிருந்து லாரியில் வந்து இரண்டு நாளாகச் சுருண்டே கிடக்கிறது. துறைமுகக் குடியிருப்பில் ஒரு அதிகாரி வீட்டுக்குப் போக வேண்டிய சரக்கு. சுருளுக்குள் கையை விட்டுப் பார்த்தாள்... சுட்டது. பிரிக்காமல் விட்டால் புல் தன் சூட்டிலேயே வெந்து மஞ்சளாகிவிடும். நாளைக்குக் குப்பைக்குத்தான் போகும்.

எதிரே ஒரு வீடு, தெருவைவிட மேடாக. கேட் சும்மா சாத்தியிருந்தது. உள்ளே ஒரு தென்னையைத் தவிர வெறும் தரை. மழையில் நனைந்தும் ஒரு பச்சை முளைக்காத, செத்துப்போன வாசல். கூப்பிட்டுப் பார்த்தாள். யாரும் இல்லை.

"பேபியக்கா, விரிச்சிருவோம்."

"ஏளா, யார் வீடுன்னே தெரியாம..." என்று இழுத்தாள் அவளோடு வேலை செய்யும் பேபி. ஆனால் வேல்விழி அதற்குள் முதல் சுருளைத் தோளில் ஏற்றியிருந்தாள்.

அவள் அவசரத்துக்குக் காரணம் உண்டு. அப்பா தங்கதுரைக்கு மார்க்கெட்டில் மளிகைக்கடை. மகள் விவசாயம் படித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்தான். ஆனால் எட்டயபுரம் ரோட்டில் அவள் நர்சரி போட்டு இரண்டு வருடம் ஆகியும் ரோஜாச் செடியும் செம்பருத்தியும்தான் விற்றன. புல்தரை போட்டுத் தருவேன் என்று பெரிதாகப் போர்டு வைத்தாளே தவிர, ஒரு வீடுகூடக் காட்ட முடியவில்லை. அவர் கெடு வைத்துவிட்டார். பொங்கலுக்கு நீ போட்ட புல் என்று ஒரே ஒரு வீட்டைக் காட்டு. இல்லையென்றால் நர்சரியை மூடிவிட்டு, நான் பார்க்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டு. அந்த ஒரே வீட்டுக்கான புல்தான் இப்போது வண்டியில் வெந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் மழை விட்டபோது ஒரு பைக் வந்து கேட்டருகே நின்றது. வந்தவன் உள்ளே பார்த்தான். இரண்டடி பின்னால் போய்க் கதவு எண்ணைப் பார்த்தான். மறுபடியும் உள்ளே பார்த்தான். பச்சைப் பசேல் என்று வாசல்... நடுவில் முட்டி வரை சேறோடு ஒரு பெண்.

"இது என் வீடுதானே?"

"ஆமாங்க."

"இந்தப் புல்லு?"

"என்னோடது. நாளைக்குக் காலையில சுருட்டிக்கிட்டுப் போயிருவேன்."

"அப்ப வீட்ட மட்டும் இங்கனயே விட்டுட்டுப் போயிருவீங்க..."

சிரிக்காமல் கேட்டான். ஆனால் கண்கள் சிரித்தன. ஈர இமைகளோடு, கொஞ்சம் சோர்ந்த, நல்ல கறுத்த கண்கள். திட்டு வாங்கத் தயாராக இருந்தவளுக்குத் திட்டு வராததில் என்ன செய்வதென்று தெரியவில்லை. தலை குனிந்து, நன்றாக இருந்த ஒரு புல் விளிம்பை மறுபடியும் சரி செய்தாள்... அடக் கடவுளே, எதற்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொள்கிறது?

அவன் பெயர் சிவபாலன். வீடுகளுக்குத் தண்ணீரின் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. மிஷின் மாட்டி சர்வீஸ் செய்கிறவன். உப்புத் தண்ணீர் ஊரில் அந்தத் தொழிலுக்குக் குறைவில்லை. அவன் கார்டில் பெயருக்குக் கீழே 'ஒரு சொட்டும் வீணாகாது' என்று அச்சடித்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் துறைமுகத்து அதிகாரியின் போன் வந்தது. சொன்ன நாளில் வரவில்லை, வேறு ஆளை வைத்துக்கொண்டேன் என்றார். வேல்விழி போனைக் கையில் வைத்துக்கொண்டு புல்லுக்கு நடுவே சிலையாக நின்றாள். சிவபாலனின் அம்மா சண்முகத்தாய் ஏரலில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தவர், அப்போதுதான் வந்து இறங்கினார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் ஒரு சுற்று நடந்தார். அதன் பிறகுதான் சொன்னார், இது இங்கேயே இருக்கட்டும் என்று.

அப்படித்தான் பேச்சு முடிந்தது. புல் அவளுடையது, இடமும் தண்ணீரும் அவர்களுடையது. அவள் வந்து பராமரிப்பாள். தை பிறந்ததும் அப்பாவைக் கூட்டி வந்து காட்டுவாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விரிப்பதற்கு முன்னால் ஒரு பிடி மண்ணை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். கல்லூரியில் முதல் மாணவியாக வந்தவள் அதை மறந்தாள். அவளை மறக்க வைத்தது மழையா, அந்தக் கறுத்த கண்களா... அவளுக்கே வெளிச்சம்.

மூன்றாவது வாரம் புல் மஞ்சளித்தது. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. அடுக்களைச் சுவரில் தொடங்கி விசிறி மாதிரி விரிந்து வந்தது. விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள்... பாயைச் சுருட்டுவதுபோல் கையோடு வந்தது. ஒரு வேர்கூட மண்ணில் இறங்கவில்லை.

சுவரோரம் கிடந்த தென்னமட்டைகளை விலக்கினாள். கீழே ஒரு வெள்ளைக் குழாய், சொட்டு சொட்டாக.

அது என்ன தண்ணீர் என்று கேட்டதற்குச் சிவபாலன் பெருமையாகவே சொன்னான். ஆர்.ஓ. மிஷின் கழித்துவிடும் தண்ணீர். சாக்கடைக்கு விடாமல் மூன்று வருடமாகத் தோட்டத்துக்குத்தான் விடுகிறான். மிஷின் மாட்டுகிற வீட்டிலெல்லாம் இதே யோசனையைச் சொல்லி, குழாயையும் அவனே இழுத்துக் கொடுக்கிறான். முந்நூறு வீடு தாண்டிவிட்டது. நம் வீட்டுத் தென்னை நன்றாகத்தானே நிற்கிறது?

"தென்னை உப்பத் தாங்கும். புல்லு தாங்காது. மிஷின் பிரிச்செடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணியிலதான் வருது. வாசல் செத்துக் கெடந்ததுக்குக் காரணமே இதுதான்."

அவன் முகம் இறுகியது. அவள் விடவில்லை. அவன் சட்டைப்பையிலிருந்து தண்ணீரின் உப்பைக் காட்டும் மீட்டரைக் கேட்டு வாங்கினாள். சண்முகத்தாயிடம் இரண்டு டம்ளர் நல்ல தண்ணீர் வாங்கினாள். ஒன்றில் தெருவோர மண் ஒரு கரண்டி, மற்றதில் குழாயடி மண் ஒரு கரண்டி. கலக்கித் தெளிய வைத்து மீட்டரை முக்கினாள். தெரு மண் இருநூற்று எண்பது. அவன் வாசல் மண் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

"மூணு வாரத்துக்கு முன்னாடி வண்டி நின்னு போய் ரோட்டுல நின்னவங்க... எனக்குத் தண்ணியப் பத்திப் பாடம் எடுக்கீங்களா? மண்ணப் பாக்காம புல்ல விரிச்சது யாரு?"

அது உண்மை. உண்மையாக இருந்ததால் சுருக்கென்று தைத்தது. மீட்டரைப் படியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி, துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். மனசுக்குப் பிடித்துப்போனவன் அல்லவா சொல்லிவிட்டான்... ஆமாம், பிடித்துத்தான் போயிருந்தது. அதை அந்த பஸ்ஸில்தான் கண்டுபிடித்தாள், பாவம்.

தை பிறக்க ஏழு வாரம் இருந்தது. விடுவதா? அவன் கிடக்கிறான்... புல் என்ன பாவம் செய்தது? மறுநாள் காலை ஆறு மணிக்கு, உப்பு மண்ணைத் திருத்தும் ஜிப்சம் மூட்டையோடு அந்தக் கேட்டைத் தள்ளினாள்.

உள்ளே குழாய் இல்லை. பிடுங்கி, சுற்றி, சுவரில் மாட்டியிருந்தது. சிவபாலன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கடப்பாரையோடு நின்றான். கண்கள் சிவந்திருந்தன. அவளை நேராகப் பார்க்கவில்லை.

"எவ்வளவு ஆழம் கொத்தணும்?" என்று கேட்டான்.

"ஒரு சாண்," என்றாள். இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அழுதிருப்பார்கள்.

வேலை தொடங்கியது. செத்த புல்லை அள்ளினார்கள். மண்ணைக் கொத்தி ஜிப்சமும் மட்கிய எருவும் கலந்தார்கள். சுற்றிலும் சின்ன வரப்புக் கட்டி, மழை ஓடிவிடாமல் நின்று இறங்கும்படி செய்தாள். உப்பை ஆழத்துக்குக் கழுவி அனுப்ப நல்ல தண்ணீரைவிட்டால் வேறு மருந்து இல்லை. கார்த்திகை மழை கைவிடவில்லை... ஒவ்வொரு முறை வானம் இருளும்போதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். சில நேரம் வானத்தைப் பார்த்துவிட்டுக் கண்கள் வழி தவறி வேறிடத்தில் போய் நின்றன.

தண்ணீர் வடிந்ததும், பிழைத்த புல்லின் வேர்க்கொடிகளைக் கிள்ளி நாலு விரல் இடைவெளியில் நட்டார்கள். குத்துக்காலிட்டு எதிரெதிரே நகரும்போது விரலும் விரலும் இடித்துக்கொண்டன. அவன் கையை எடுக்க மறந்தான். அவள் நினைவூட்ட மறந்தாள்.

மார்கழியில் புல் நெருங்கியபோது அவன் ஆசை ஆசையாக வெட்டும் மிஷினை எடுத்து ஒட்ட வெட்டப் பார்த்தான். அவள் ஓடிவந்து பிடுங்கினாள்.

"போலீஸ் கிராப் வெட்டுதீங்களா? மூணுல ஒரு பங்குதான் எடுக்கணும். உசரமா இருந்தாத்தான் வேரு ஆழமாப் போகும்."

"சரிங்க டீச்சர்... தண்ணி தினமும் ஊத்தலாமா?"

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா. காலையில. மேலோட்டமா அரை விரக்கடை நனைச்சுட்டுப் போகாம ஆழமா ஊத்தணும்."

"கோவம் மட்டும் தினமும் உண்டோ?"

அவள் திரும்பி நின்றுகொண்டாள், சிரிப்பது தெரியக்கூடாதே. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அவன் அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலமானால் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கோ கிளம்பிவிடுவான். மறுநாள் முகம் வாடிக் கிடக்கும். சர்வீஸ் வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டாள். என் மேல் இன்னும் மனத்தாங்கலோ என்றும் நினைத்து, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மாட்டுப் பொங்கலன்று தங்கதுரை வருவதாகச் சொன்னார்.

புல் அருமையாக வந்திருந்தது. அடர்த்தியாக, கால் வைத்தால் மெத்தென்று அமுங்கி எழும்பியது. ஆனால் அடுக்களைச் சுவரோரம், குழாய் சொட்டிய இடத்தில், ஒரு கட்டில் அளவுக்கு மட்டும் மண் மொட்டையாகவே கிடந்தது. மூன்று முறை நட்டும் கருகிவிட்டது. அப்பாவுக்கு அந்த மொட்டைதான் முதலில் கண்ணில் படும். கடையில் பருப்பு மூட்டையைப் பிரித்ததும் வண்டு எங்கே என்று தேடுகிற மனுஷன் அவர். அன்று காலை வேல்விழி நர்சரியிலிருந்து பன்னிரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளைக் கொண்டுவந்து அந்த இடத்தை மறைத்து அடுக்கினாள். செய்யும்போதே மனம் கூசியது. ஆனால் இரண்டு வருட உழைப்பு... அதை எப்படி விடுவாள்?

அப்பா வந்தார். சண்முகத்தாய் கொடுத்த காபியைக் குடித்தார். புல்லைச் சுற்றி நடந்தார். குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தார். அப்போதும் வரவில்லை. முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. வேல்விழிக்கு மூச்சு வந்தது.

அந்த நேரத்தில்தான் சிவபாலன் சுவரோரம் போய், தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கத் தொடங்கினான்.

அவளுக்கு உலகமே நின்றுவிட்டது. கெஞ்சும் கண்களோடு வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் அவளைப் பார்த்தான். ஆனாலும் நிறுத்தவில்லை.

"அண்ணாச்சி, இதையும் பாத்துருங்க," என்றான். "இந்த மொட்டைக்குக் காரணம் உங்க மகள் இல்ல, நான். மூணு வருசமா கழிவுத் தண்ணிய இங்கன விட்டு மண்ணக் கெடுத்தேன். அவங்க கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. நான் கேக்கல, வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. இதே தப்ப ஊரெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேனே... அதுக்கப்புறம் சாயங்காலம் சாயங்காலம் ஒவ்வொரு வீடாப் போய், நான் சொன்னது தப்பு, குழாய எடுத்துருங்கன்னு சொல்லிட்டு வாரேன். இப்ப வரைக்கும் இருநூத்திப் பதினாலு வீடு. சில பேரு இனிமே வராதேன்னுட்டாங்க. பரவாயில்ல. மிச்சமுள்ள பச்சையெல்லாம் உங்க மக போட்டது. மொட்டையையும் காட்டுனாத்தான் அந்தப் பச்சைக்கு மதிப்பு."

தங்கதுரை கிட்டே வந்தார். மொட்டை மண்ணைக் காலால் ஒரு தரம் கிளறினார். மகளைப் பார்த்தார். பூந்தொட்டிகளைப் பார்த்தார்.

"மறைச்சு விக்கதுக்கு நம்ம வீட்டுல யாருளா ஒனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்றார். குரல் கடுமையாக இருந்தது. பிறகு மெல்ல இறங்கியது. "இந்த இடத்தையும் முடி. முடிச்சுட்டு அடுத்த வீட்டப் பாரு. மாப்பிள்ளப் பேச்ச நான் எடுக்கல."

சண்முகத்தாயிடம் சொல்லிக்கொள்ள உள்ளே போனார்.

வேல்விழி கண்ணைத் துடைக்கவில்லை. வழியட்டும் என்று விட்டுவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"பூச்சட்டிய எடுத்ததும் கொன்னுருவோம்னு நெனச்சேன் உங்கள."

"தெரியும்..."

"நான் மறைச்சேன். நீங்க மறைக்கல. ஆனா இத்தனை நாளா எங்க போறீங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஆனாலும் முடித்தாள். "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. இதையும் நான் மறைச்சே வச்சிருந்தேன். இனிமே முடியாது."

தண்ணீரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவனுக்கு ஐந்து வார்த்தைதான் வந்தது.

"எனக்கும்... ரெண்டு மாசமா. சொல்லத் தெரியல."

"இருநூறு வீட்டுல போய்த் தப்ப ஒத்துக்கத் தெரிஞ்சுது. இத ஒரு வீட்டுல சொல்லத் தெரியலையா?"

அவன் உள்ளே அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த தங்கதுரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இந்த முறை கண்களோடு முகமும் சிரித்தது.

"நாளைக்குச் சாயங்காலம் வேற எந்த வீட்டுக்கும் போகல," என்றான். "அம்மாவக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான் வாரேன்."