த்ராஹோமிராவின் குறிப்பு

காலையில் லூபோர் அழித்த குறிப்பு கணினித் திரையில் மறுபடி அங்கேயே இருந்தது.

"இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் இந்த நினைவகத்தைப் பிடித்திருக்கின்றன. இரண்டும் கைவிட்ட பிறகே விடுவிக்கலாம். இப்போது பாதுகாப்பில்லை. — த்ராஹோமிரா."

லிஃப்டுகளை ஓட்டும் நிரலின் அடிமட்டத்தில், ஆபத்தான ஒவ்வொரு வரிக்கும் மேலே அது ஏன் பாதுகாப்பானது என்று எழுத வேண்டும். சரிபார்த்தவர் கீழே பெயரிட வேண்டும். அந்த ப்ர்னோ நகர அலுவலகத்தில் பீருக்கு அடுத்த புனிதம் அதுதான். மார்ச் மாத அவசரத்தில் லூபோர் அவள் எச்சரிக்கையை அழித்தான். "பாதுகாப்பானது" என்று ஒரே சொல் எழுதி, சரிபார்த்தவராக அவள் பெயரையே போட்டான். பழைய பதிவுகளையும் திருத்திவைத்தான். மறுவாரம் அந்த வரியின் பிழையால், அலுவலகத்தின் லிஃப்ட் சோதனைக் கோபுரத்தில் கதவு திறந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை. த்ராஹோமிரா ஏழு மாடி விழுந்து செத்தாள். பழியும் அவள் மேலேயே விழுந்தது.

இன்று நான்கு மணிக்கு விசாரணைக் குழு இந்தக் கோப்பைப் படிக்கப்போகிறது. குறிப்பு இருந்தால் லூபோருக்குச் சிறை.

பக்கத்து மேசை போஹுஷ் மூக்கைப் பொத்தினான். "யாருப்பா ஒலோமோட்ஸ் சீஸைத் தொறந்தது? இந்த நாத்தத்துக்குக் கல்லறையே காலியாயிடும். த்ராஹோமிரா ஒருத்திதான் இத ஆபீஸ்ல வச்சுத் தின்னுவா." சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டு காப்பிக்கு நழுவினான்.

ஜன்னலில் நவம்பர்ப் பனிமூட்டம் ஈரத்துணிபோல் ஒட்டியிருக்க, சூடேற்றிக் குழாய்கள் பல்லைக் கடிக்க, ஆளில்லாத சோதனைக் கோபுரத்தில் கம்பிவடம் யாரையோ மெல்ல மெல்ல மேலே இழுப்பதைக் கேட்டபடியே லூபோர் குறிப்பை அழித்தான். அது திரும்பி வந்தது. ஒரு வரி கூடியிருந்தது.

"விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன்."

அழித்தான்.

"எட்டு நிமிடம்."

அழித்தான்.

"கூப்பிட்டேன். நீ கேட்டாய்."

கேட்டிருந்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. விசைப்பலகை வியர்வையில் வழுக்கியது.

இம்முறை குறிப்பு இருந்த இடத்தில் வேறு வரி: "லூபோர்: விடுவிக்கப்பட்டது."

விடுவித்த நினைவகத்தைக் கே என்ற ஒரே ஆங்கில எழுத்தால் நிரப்புவது அவர்கள் தொழில் வழக்கம். இனி அது யாருடையதும் இல்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். திரை முழுக்கக் கே. அவன் அடையாள அட்டையில், பெயர் இருந்த இடத்தில் கே. புகைப்படத்தில் முகம் இருந்த இடத்தில் கே. உள்ளங்கை ரேகைகள் நெளிந்தன. கே. கே. கே.

போஹுஷ் ஒரு அம்மாளுடன் திரும்பினான். விசாரணைக் குழுவின் தலைவி.

"இங்க உக்காருங்க மேடம். இது ரொம்ப நாளாக் காலியாத்தான் கெடக்கு."

லூபோர் அலறினான். சத்தம் வரவில்லை. அந்த அம்மாள் மேல்கோட்டைச் சரிசெய்துகொண்டு அவன் மடிமேல், அவன் வயிற்றுக்குள், அவன் நெஞ்சுக்குள் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"நல்லா வெதுவெதுன்னு இருக்கு," என்றாள்.

உலகமே அவனைக் கைவிட்டிருந்தது. மேசைக்கு அடியில், நகம் பெயர்ந்த ஐந்து குளிர்ந்த விரல்கள் மட்டும் அவன் கணுக்காலைப் பிடித்திருந்தன. விடவில்லை. கோபுரத்தின் கதவு திறக்கும் திசைக்கு, அவனை அங்குலம் அங்குலமாக இழுத்துக்கொண்டிருந்தன.