ஆல்டனின் முறை

பூட்டு உடனே திறக்கவில்லை. டொலீடோவில் தங்கை வீட்டில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வெர்னிஸ் டெட்ராய்ட் வீட்டுக்குத் திரும்பியபோது கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் விரல்களுக்குச் சாவியைத் திருப்பும் வலு இல்லை. கொழுந்தன் ராய்ஸ் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டுத் தானே திறந்தான்.

“என்ன கனம் அண்ணி இது. தங்கச்சியையும் உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களா?”

“அவளை வச்சிருந்தா பெட்டி வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்திருக்கும்.”

சிரித்துக்கொண்டுதான் நுழைந்தார்கள். உள்ளே போனதும் அந்தச் சிரிப்பு எங்கோ அமுங்கிவிட்டது.

நிலவறைப் படிகளில் இறங்கும்போதே வாசனை எதிர்கொண்டது. ஈரக் கம்பளம், பழைய மரம், அவற்றுக்கடியில் மெல்லிய எலுமிச்சை. அவள் கணவர் ஆல்டன் தன் சிம்பல் தட்டுகளைத் துடைக்கும் மெழுகின் வாசனை. அவர் போன இலையுதிர் காலத்தில் இறந்தார். டிரம்ஸை ராய்ஸ் அப்போதே சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டான். கம்பளத்தில் அதன் கால்கள் பதிந்த குழிகள் மட்டும் மிச்சம். நேற்றுத்தான் தூக்கிப் போனதுபோல அவை ஆழமாக இருந்தன.

சென்ற வசந்தத்தில் இதே அறையில்தான் அவள் பியானோவையும் ராய்ஸ் பேஸ் கிதாரையும் கணினியில் பதிவு செய்தார்கள். உடம்பு தேறியதும் ஆல்டன் தன் பங்கை வாசித்துச் சேர்ப்பதாக ஏற்பாடு. அவர் தேறவில்லை. பிறகு வெர்னிஸின் விரல் மூட்டுகளும் வீங்கி மடங்கிக்கொண்டன. இனி அவளால் வாசிக்க முடியாது. கணினியில் இருக்கும் அந்த ஆறு பாடல்களோடு அவளுடைய பியானோ முடிந்துவிட்டது. முப்பது வருடத்தில் அவள் பெயரில் வரப்போகும் முதல் இசைத்தட்டு அதுதான். மற்ற எல்லாம் ஆல்டன் பெயரில் வந்தவை.

“டிரம்ஸ் இல்லாம விட முடியாது. வேற ஆள் வாசிச்சா என் காது ஒத்துக்காது” என்றாள்.

“அதுக்குத்தானே இது” என்று ராய்ஸ் கணினியைத் திறந்தான். “யாரோ ஒருத்தர் ஒவ்வொரு சிம்பலையும் ஆயிரம் விதமாத் தட்டிப் பதிவு பண்ணி வச்சிருக்காங்க. நீங்க கட்டம் கட்டமா எழுதினா அது வாசிக்கும். தண்ணி கேக்காது, சிகரெட் கேக்காது, நடுவுல சண்டை போடாது. அண்ணனைவிட நல்ல பிள்ளை.”

மறுநாள் பகல் முழுவதும் அவள் ஒற்றை விரலால் தட்டித் தட்டித் திரையில் எழுதினாள். முதலில் தையல் மிஷின் ஓடுவதுபோல் இருந்தது. அடிகள் எல்லாம் கணக்காக விழுந்தன, அதனாலேயே உயிரில்லை. இரண்டாவது அடியை மயிரிழை பின்னுக்கு இழுத்தாள். ஒன்றைத் தணித்தாள், ஒன்றை ஏற்றினாள். காலால் மிதிக்கும் பெரிய டிரம்மைக் காதுக்கு எட்டாமல் பாதத்துக்கு மட்டும் எட்டும் அளவுக்குக் குறைத்தாள். ஆல்டன் அப்படித்தான் வாசிப்பார். ஆனால் இரண்டாவது அடியில் அவருக்கே உரிய அந்தத் தாமதம் மட்டும் கடைசிவரை வரவே இல்லை.

ஒவ்வொரு பாடலின் முடிவிலும் ஒரு பகுதி உண்டு. பியானோ நாலு சுற்று வாசித்துவிட்டு நிறுத்தும், டிரம்ஸ் நாலு சுற்று பதில் சொல்லும், இப்படி மாறி மாறி. அவருடைய முறைகளை அவள் அன்றே காலியாக விட்டு வாசித்திருந்தாள். இப்போது அங்கே எழுத மனம் வரவில்லை. அவர் சொல்லவேண்டியதை நான் எப்படி எழுதுவது? காலியாகவே விட்டுவிட்டு ஓடவிட்டாள்.

பியானோ நாலு சுற்று பேசி நின்றது.

ஷ்ஷ்... ஷ்ஷ்-க... ஷ்ஷ்...

அவள் எழுதியதெல்லாம் குச்சி அடி. கேட்டது டிரம்மைத் தடவி வாசிக்கும் கம்பி பிரஷ், ஆல்டனின் கைப்பழக்கம்.

திரையில் அந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. ராய்ஸுக்குப் போன் செய்தாள்.

“நான் எதையும் தொடலையே அண்ணி. அந்த நாலு சுற்றுல நீங்க என்ன எழுதினீங்க?”

“ஒண்ணும் எழுதல. காலியா விட்டேன்.”

“அண்ணன் முறையைக் காலியா விட்டா, அவன் வாசிக்காம இருப்பானா?” என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும் அவன் சிரிப்பும் நின்றது.

பயந்தாள் என்று சொன்னால் அது பாதி உண்மை. ஆறு மாதமாக அவள் சொன்ன எதற்கும் அவரிடமிருந்து பதில் வந்ததில்லை. அன்று மாலை மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். கேட்டபடியே அழுதாள்.

அடுத்த நாள் பதில் எட்டு சுற்று நீண்டது.

அடுத்து வரவேண்டிய அவளுடைய பியானோ வரவில்லை.

திரையைப் பார்த்தாள். அலையலையாக இருந்த அவளுடைய ஒலி அந்த இடத்தில் நேர்கோடாகக் கிடந்தது. மூலப் பதிவைத் திறந்தாள். அங்கும் கோடு. இரண்டாம் பாடலைத் திறந்தாள். அதில் பாதிப் பியானோ இல்லை. பிரஷ் மட்டும் நிதானமாக, திருப்தியாகப் பேசிக்கொண்டே போனது.

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்துகள் நினைவுக்கு வந்தன. யாராவது அவளிடம் ஏதாவது கேட்பார்கள். ஆல்டன் பதில் சொல்வார். அழகாகவே சொல்வார், மேசையே சிரிக்கும். அவள் கேக் துண்டுகளை வெட்டிக்கொண்டிருப்பாள். அவர் பறித்துக்கொண்டார் என்று இதுவரை நினைத்துவந்தாள். நிறுத்தி நிறுத்தி இடம் விட்டது நானும்தானே? பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது.

ராய்ஸ் வந்து பாட்டைப் போட்டுக் கேட்டான். குரல் தானாகத் தணிந்தது.

“இது அவன்தான்.”

“பிரதி எடுத்து வச்சிருக்கியா?”

“இல்ல. தன் பங்கு முடியற வரைக்கும் பிரதிகூட எடுக்கக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டான் அண்ணி.”

எலுமிச்சை வாசனை கனத்தது. பாட்டு நின்றிருந்தது. ஆனாலும் பாதத்தின் கீழே தரை மெல்ல, சீராக அதிர்ந்தது.

“டிரம்ஸ் மொத்தத்தையும் அழிச்சிடுங்க” என்று கிசுகிசுத்தான்.

“அழிச்சா அவர் போயிடுவாரு.”

“அழிக்கலேன்னா நீங்க போயிடுவீங்க.”

அவள் மூலையைப் பார்த்தாள். கம்பளத்துக் குழிகளுக்கு நடுவே புதிதாக ஒரு குழி, ஆல்டனின் வலது கால் பெரிய டிரம்மை மிதிக்கும் இடத்தில்.

அழித்தாள்.

தரை அடங்கியது. நாலு பாடல்கள் முழுசாகப் பிழைத்திருந்தன. வெர்னிஸ் மூச்சு விடாமல் சொன்னாள்: “காலியா இருக்கற எல்லா இடத்துலயும் நீ பேஸ் வாசிச்சு நிரப்பு. ஒரு சுற்றுகூட விடாதே.”

ராய்ஸ் அன்று பகலிலேயே வாசித்து முடித்தான். டிரம்ஸ் இல்லாத இசைத்தட்டு. கேட்கக் கேட்க அவளுக்கே வியப்பாக இருந்தது. தன் குரலை நடுவில் யாரும் வெட்டாமல் முதல்முறையாகக் கேட்பதுபோல் இருந்தது.

சமையலறையில் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு ராய்ஸ் உட்கார்ந்தான்.

“அட்டையில உங்க பேரைப் பெரிசாப் போடணும் அண்ணி. கண்ணு தெரியாதவன்கூடப் படிக்கணும்.” அவன் பார்வை மேசைமேல் விழுந்தது. “கை நல்லாயிடுச்சா? சொல்லவே இல்லையே.”

அவள் குனிந்து பார்த்தாள்.

மாதக்கணக்கில் கோப்பையின் பிடியைக்கூடப் பற்ற முடியாத வலது கை மேசை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது. டிங்... டிங்-க-டிங். மூட்டுகளில் வலி இல்லை. இரண்டாவது அடி மயிரிழை பின்தங்கி விழுந்தது. அவள் எவ்வளவு முயன்றும் வராத அதே தாமதம்.

“நிறுத்துங்க அண்ணி.”

“நான் வாசிக்கல.”

நாலு சுற்று முடிந்ததும் கை நின்றது. விரல்களை லேசாகத் தூக்கியபடி காத்திருந்தது.

இப்போது அவள் முறை.

வெர்னிஸ் இடது கையை மடியில் அழுத்திக்கொண்டு மூச்சை அடக்கினாள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவளுடைய நாலு சுற்றும் காலியாகவே கழிந்தது.

கை மறுபடி தொடங்கியது. இந்தமுறை நாலோடு நிற்கவில்லை.