கடிச்சுவடு

சடையாண்டி பல்லுக்காகப் பட்ட கடன் நாற்பத்தோராயிரத்து இருநூற்று அறுபது ரூபாய். செவ்வாய்க் கிரகத்திலும் ரூபாய்தான்.

அங்கே காலையில் எழுந்ததும் எல்லாரும் முதலில் கதவைத்தான் கடிப்பார்கள். சுரங்கத்துப் பாறைத் தூளில் விரல் ரேகை தேய்ந்துபோன சனத்துக்கு அடையாளம் வேறு ஏது? கதவுக்குக் கதவு ஒரு ரப்பர் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கடித்தால், பதிந்த சுவட்டைப் பார்த்து ஆள் இன்னார் என்று திறக்கும்.

துளைப்பான் அதிர்ந்து அதிர்ந்து சடையாண்டியின் கடைவாய்ப் பற்கள் விண்டுபோயின. கம்பெனி ஆஸ்பத்திரியில் தவணைக்கு உறை போட்டார்கள். உறை மயிரிழை உயரம் கூடிப்போயிற்று. மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேரவில்லை. சோறு மசியவில்லை. பேசினால் சொல்லுக்கு முன்னால் காற்று வந்தது.

"பழகிரும். இல்லைன்னா வாங்க, அரத்தால ராவி விடுறேன்" என்றிருந்தார் பல் டாக்டர்.

போனான். ஆஸ்பத்திரிக் கதவு கடிக்கச் சொன்னது. கடித்தான். "இப்படி ஒருவர் பதிவில் இல்லை" என்றது. பல்லை ராவ உள்ளே போக வேண்டும். உள்ளே போகப் பல் சரியாக இருக்க வேண்டும்.

பல் கிடக்கட்டும். அவன் மனைவி பூவம்மாள் உள்ளேதான் நெஞ்சில் தூள் அடைத்துக் கிடந்தாள். இன்றைக்குத் தாண்டாது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

காவலுக்கு நின்ற பரமன் பக்கத்து அறைக்காரன். பூவம்மாள் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன்.

"என்னைத் தெரியலையாடா உனக்கு?"

"எனக்குத் தெரியுதுண்ணே. கதவுக்குத் தெரியலையே. நான் தொறந்துவிட்டா என் பல்லைப் புடுங்கிருவாக."

அந்நேரம் தவணை கேட்கும் வசூலி இயந்திரம் உருண்டு வந்தது. உறைக்குள் பதித்திருந்த கடன் எண்ணைத் தூரத்திலேயே படித்துவிட்டது.

"வணக்கம், மாடசாமி மகன் சடையாண்டி அவர்களே. இம்மாதத் தவணை பாக்கி."

"கேட்டியா பரமா? நான்தான்னு அது சொல்லுதுல்ல?"

"அது கடன் டிபார்ட்மெண்டுண்ணே. இது கதவு டிபார்ட்மெண்டு."

சொல்லிவிட்டானே தவிர பரமனுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே கேட்கும் பேசுகுழாயை எடுத்து நீட்டினான். சடையாண்டி பெண்டாட்டியைக் கூப்பிட்டான். காற்றும் எச்சிலுமாக என்னவோ வந்தது. உள்ளே இருமல் கேட்டது. பிறகு குரல்.

"வந்துட்டீகளா? பல்லு இன்னும் உறுத்துதா? சோத்தைக் கரைச்சுக் குடிங்க."

அவன் கதவோரமே உட்கார்ந்துவிட்டான். விடிந்ததும் பரமன் காவலை விட்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அதிலேயே தெரிந்துபோயிற்று.

அடுத்த வாரம் சுரங்க வாசலில், எவனாவது கதவைக் கடித்தால் அவன் முதுகோடு ஒட்டி நுழையலாம் என்று சடையாண்டி நின்றிருந்தான். வசூலி வந்தது.

"சடையாண்டி அவர்களே, தங்கள் மனைவியின் இறப்புத் தொகையில் கடன் முழுவதும் கழிக்கப்பட்டது. உறைகள் இனித் தங்களுடையவை. எண் நீக்கப்படுகிறது."

வாய்க்குள் மெல்லியதாக ஏதோ அணைந்தது.

"இன்னொரு தரம் எம்பேரைச் சொல்லேன்" என்றான் சடையாண்டி.

வசூலி அவன் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

"தாங்கள் யாரென்று தெரியவில்லை. பாக்கி ஏதும் இல்லை" என்றது.