இருபத்தொன்பது புள்ளி நான்கு

அன்னபாக்கியத்தின் வீட்டில் குழந்தை இருக்கிற வாசமே இல்லை. கொட்டாஞ்சேனை ஒழுங்கை ஒன்றில், தேவாலய மணியும் துறைமுகத்துக்குப் போகும் லொறிகளின் இரைச்சலும் ஓயாமல் கேட்கும் அந்த மேல்மாடி வீட்டுக்குள் காலை வைத்தபோது, புளித்த பால், பவுடர், காயாத துணி என்று பத்து மாதப் பிள்ளை வளரும் வீட்டில் வரவேண்டிய எந்த மணமும் அருந்ததிக்கு வரவில்லை. பிரிட்ஜைத் திறந்தால் முகத்தில் படுகிற அந்த வெறும் குளிர் வாடை மட்டும் உள்ளறையிலிருந்து மெல்ல வந்தது.

"வாங்க மிஸ்," என்றாள் அன்னபாக்கியம். "எங்க வீட்டுக்காரர் பேர்னாட் வேலை முடிஞ்சு வர எட்டு மணியாகும். ஒங்க கையால உண்டான புள்ள. நீங்க ஒருக்கா பாத்தா போதும்னு இருந்தேன்."

ஒங்க கையால. அந்தச் சொல் அருந்ததிக்குச் சுருக்கென்றது.

அவள் வெள்ளவத்தையில் ஒரு குழந்தைப்பேற்றுச் சிகிச்சை நிலையத்தில் வேலை செய்தாள். தம்பதியரின் அணுக்களைக் கண்ணாடித் தட்டில் சேர்த்து, கரு தாயின் வயிற்றுக்குப் போகும்வரை மூன்று நாட்கள் சூட்டுப்பெட்டியில் முப்பத்தேழு பாகையில் காப்பது அவள் பொறுப்பு. போன வருடம், 2007 சித்திரையில், ஒரு பின்னேரம் அவளுடைய கைத்தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோனது. கிளிநொச்சியிலிருந்து தம்பி அழைப்பெடுப்பதாகச் சொல்லியிருந்தான். சூட்டுப்பெட்டியை, மின்சாரம் போனாலும் அதை ஓடவைக்கும் பற்றரியிலிருந்து கழற்றிச் சுவரில் செருகிவிட்டு, அந்தப் பற்றரியில் தன் போனைப் போட்டாள். ஆறே முக்காலுக்கு, குண்டுபோட விமானம் வருகிறதென்று கொழும்பு முழுக்க மின்சாரத்தை நிறுத்தினார்கள். வானத்தில் வெடிச்சத்தம் எழுந்ததும் சனத்தோடு சனமாக மாடிப்படிக்குக் கீழே ஓடி ஒடுங்கினாள். எட்டு மணிக்கு வெளிச்சம் வந்து மேலே ஏறியபோது போன் முழுதாகச் சார்ஜாகி இருந்தது. தம்பியின் அழைப்பு வந்திருக்கவில்லை. பெட்டியின் முகப்பில் 29.4 என்று எரிந்தது. உள்ளே இருந்தது அன்னபாக்கியத்தின் கரு.

பதிவேட்டில் 37 என்று எழுதினாள்.

அந்த மூன்று நாட்களில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாததல்ல. மணிகளில் சுற்றிய நூலைப்போல மரபிழை சுருண்டிருக்கும். தாயும் தகப்பனும் அதில் இட்டு அனுப்பிய குறிகள் அழிந்து, புதுக்குறிகள் விழத்தொடங்குவது அப்போதுதான். எந்தச் சுருள் தளரும், எது இறுகும் என்பதில் சூட்டுக்கும் பங்குண்டு, அழுத்தத்துக்கும் பங்குண்டு. குளிரில் நூல் விறைக்கும். எழுத்து மாறாது, வாசிக்கப்படும் விதம் மாறிவிடும். அந்த மாற்றத்தை ஒரு செல் தன்னிலிருந்து பிறக்கும் செல்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போகும். அத்தனையும் தெரிந்துதான் எழுதினாள்.

உள்ளறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. இரண்டு கம்பளிக்கு நடுவே பிள்ளை விழித்தபடி கிடந்தான். அழகான பிள்ளை. அருந்ததி கன்னத்தைத் தொட்டாள். மழை நாளில் ஜன்னல் கம்பியைத் தொட்டதுபோல இருந்தது.

"எத்தின நாளா இப்பிடி?"

"பொறந்ததுல இருந்தே மிஸ். பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். நெஞ்சு நல்லா இருக்காம், ரத்தம் நல்லா இருக்காம். சூடுதான் இல்லையாம்."

அன்னபாக்கியம் வெப்பமானியை எடுத்துக் கொடுத்தாள். அருந்ததி அதைப் பிள்ளையின் கமக்கட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். சுவரில் மணிக்கூடு நகரும் சத்தம். எங்கோ கீழே ஒரு முச்சக்கர வண்டி கிளம்பி ஒழுங்கை முனையில் தேய்ந்தது. வெப்பமானி கீச்சிட்டது.

29.4.

அவள் வெப்பமானியைச் சட்டென்று கவிழ்த்து வைத்ததை அன்னபாக்கியம் பார்த்துவிட்டாள்.

"மிஸ், அன்னைக்கு ஏதாவது நடந்திச்சா? லைட் எல்லாம் போச்சே, அன்னைக்கு?"

"இல்லை," என்றாள் அருந்ததி. "ஒண்டும் நடக்கேல்ல."

சொன்ன மாத்திரத்தில் வாய் கசந்தது. அன்னபாக்கியமோ நிம்மதியாக மூச்சுவிட்டாள். அந்த நிம்மதியைப் பார்ப்பதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று கைப்பையை எடுத்தாள்.

"கொஞ்சம் இருங்க மிஸ். ஆறே முக்காலாகப் போகுது. அதையும் பாத்துட்டுப் போங்க."

"எதை?"

"தெனமும் இந்த நேரத்துக்கு அசையாம நின்னுடுவான். எட்டு மணிக்குத் திரும்ப வந்துடுவான். நாங்க பழகிட்டோம்."

வெளியே வெளிச்சம் வடிந்தது. அறையின் மூலைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. லொறிகளின் இரைச்சல் தூரமாய்ப் போனது. பிள்ளையின் விரல்கள் கம்பளியை மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தன.

சுரண்டல் நின்றது.

கண் திறந்தபடி. இமை அசையவில்லை. நெஞ்சு ஏறவில்லை. அருந்ததி குனிந்து காதை வைத்தாள். ஒன்றுமில்லை. துடிப்பில்லை. மூச்சில்லை. குளிர் மட்டும்.

இனி ஒளிக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. தொண்டையைச் செருமினாள்.

"அன்னபாக்கியம்... அண்டைக்கு நான்தான்..."

"ஸ்ஸ்... ஆரம்பிக்குது."

பிள்ளையின் உச்சந்தலையில் ஒரு வரி.

முதலில் நிழல் என்று நினைத்தாள். நிழலில்லை. பள்ளம். உச்சியிலிருந்து நெற்றிக்கு, நெற்றியிலிருந்து புருவ நடுவுக்கு, நேராக, மெதுவாக, தோல் கிழியாமல் உள்ளே இறங்கியது. இரத்தம் இல்லை. சத்தம் இல்லை. நுண்ணோக்கியின் வழியே ஆயிரம் தடவை அவள் பார்த்த வரி. ஒரு செல் இரண்டாகப் பிரியுமுன் அதன் நடுவில் விழும் வரி.

"நேத்து மூக்கு வரைக்கும்தான் வந்திச்சு," என்றாள் அன்னபாக்கியம். இருட்டில் அவள் கை அருந்ததியின் கையைத் தேடிப் பிடித்தது. சூடான, நம்பிக்கையான கை. "இது நல்லதுதானே மிஸ்? வளர்றான்தானே?"



வரி மூக்கைக் கடந்தது. உதட்டைக் கடந்தது. நாடியில் இறங்கியது. அதன் இரு கரையிலும் முகம் உருண்டு திரண்டு விலகத் தொடங்கியது. அதுவரை கூரையைப் பார்த்திருந்த கண்கள் அசைந்தன. ஒரு கண் தாயின் பக்கம் திரும்பியது. மற்றது, தனியே, அருந்ததியின் பக்கம்.