தகவல் தந்தவர்: தாய்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் பழைய கட்டடத்தில் பகலிலும் விளக்கு எரிந்தது. மாடிப்படி ஏறும்போதே நனைந்து காய்ந்த காகிதத்தின் வாடை மூக்கைத் துளைத்தது. அக்காக்காரிக்கு அது உறைக்கவில்லை. தம்பி மயங்கி விழுந்த நாளிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைப்பதில்லை. டீ நாக்கைச் சுட்டாலும் தெரிவதில்லை, வயிறு காய்ந்தாலும் தெரிவதில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியவன் அவன் ஒருத்தன்தான். அவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடந்தான்.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி.

"உங்க அப்பா வழி ஆம்பளைங்க எதுல இறந்தாங்கன்னு தெரியுமா? தெரிஞ்சா வைத்தியத்துக்கு ஒரு வழி கிடைக்கும்."

அவளுக்குத் தெரியாது. அப்பா நாற்பதைத் தொடாமல் போய்ச் சேர்ந்தார், தாத்தாவும் அப்படித்தான் என்று காதில் விழுந்திருக்கிறது. தம்பிக்கும் நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

பதிவு அலுவலகக் குமாஸ்தாவுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். மனிதர் வாயையும் லேசில் திறக்க மாட்டார், அலமாரியையும் லேசில் திறக்க மாட்டார். தம்பியின் நிலையைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் எழுந்துபோய் இறப்புப் பதிவேடுகளைச் சுமந்துவந்து மேசையில் போட்டார். தூசி எழுந்து அடங்கியது. அப்பா கிடைத்தார். தாத்தா கிடைத்தார். தாத்தாவின் அப்பாவும் ஒரு வழியாகக் கிடைத்தார்.

ஒருவருக்கு மாரடைப்பு, ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் கிணற்றில் தவறி விழுந்திருந்தார். டாக்டரிடம் கொண்டுபோய்ச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. அவள் எழப்போனபோது பூட்டு பக்கத்தின் மேல் விரலை வைத்தார்.

"தகவல் தந்தவர்னு இருக்கே, அதப் பாருங்கம்மா."

மூன்று பதிவிலும் ஒரே பெண்ணின் பெயர் இருந்தது.

மூன்றிலும் உறவு: தாய்.

மூன்றிலும் கைநாட்டு. கட்டைவிரல் ரேகையின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு, ஒரே இடத்தில், ஒரே சாய்வில்.

"வீட்ல சொல்லிக் கேட்ட பேருதான். இவங்க எங்க தாத்தாவோட அப்பாவுக்குத்தான் அம்மா," என்றாள் அவள் மெதுவாக. "எங்கப்பாவுக்கு எப்படி?"

"உங்கப்பா தவறினப்போ இங்க வந்து பதிஞ்சது யாரு?"

அவள் யோசித்தாள். அப்பா வீட்டார் போய்ப் பதிந்திருப்பார்கள் என்று அம்மா நினைத்தாள். அம்மா வீட்டார் பதிந்திருப்பார்கள் என்று அப்பா வீட்டார் நினைத்தார்கள். அந்தக் குடும்பத்தின் லட்சணமே அதுதான். அலைச்சல் வேலை எதுவானாலும் யாராவது ஒரு பெரியம்மா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடுவார்கள். வேலையும் எப்படியோ நடந்துவிடும். எந்தப் பெரியம்மா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

"இவங்க எப்ப செத்தாங்க?"

பூட்டு பொழுது சாயும்வரை தேடினார். கடைசிப் பதிவேட்டை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பதிவே இல்லம்மா. பதியலைன்னா எங்க கணக்குல உயிரோடதான் இருக்காங்க."

அந்த இடத்தில் பயம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வரவில்லை. இந்தக் கிழவியின் சாவை எழுதிவிட்டால் தம்பியின் சாவுக்குக் கைநாட்டு வைக்க அவளால் வர முடியாது என்பது மட்டும் மனதில் நின்றது.

"அப்ப நான் பதியறேன்."

காலம் கடந்த பதிவு என்றால் மனு எழுதித் தர வேண்டும், அதை வாசலில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், மறுப்பு வராவிட்டால் சான்றிதழ் கிடைக்கும். அவசரத்துக்குக் காரணம் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் உள்ளதை உள்ளபடி எழுதினாள். தம்பியின் நிலை, மருத்துவமனை, மாடி, கட்டில் எண் எல்லாம்.

அடுத்த வாரம் பூட்டு கூப்பிட்டு அனுப்பினார். அன்று காலையில்தான் தம்பி விரலை அசைத்ததாக நர்ஸ் சொல்லியிருந்தாள். நல்ல சேதி. அதுவும் அவளுக்குள் இறங்காமல் வெளியிலேயே நின்றது.

பூட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மறுப்பு வந்திருக்கும்மா."

"யாரு கொடுத்தது?"

"அவங்களேதான். கதவு திறந்ததும் வந்து நின்னாங்க. இருக்கிறவளை இல்லைன்னு எழுதலாமாப்பான்னு கேட்டாங்க. கோபமாக்கூட கேக்கல."

மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. கைநாட்டின் மை இன்னும் காயவில்லை. குறுக்கே தழும்பு.

"ஆள் எப்படி இருந்தாங்க?"

"தெரியலம்மா." அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "நேருக்கு நேர் பேசினேன். முகம் ஞாபகத்துலயே இல்ல."

தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"அவங்களுக்குப் படிக்கத் தெரியாதாம். உங்க மனுவைப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க."

"படிச்சீங்களா?"

"முழுசா படிச்சேன்மா."

எப்படி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. தாழ்வாரம் ஆளில்லாமல் நீண்டு கிடந்தது. பினாயில் போட்டுத் துடைத்த தரை ஈரமாக இருந்தது. சிகிச்சைப் பிரிவின் வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தாம்மா. உங்க கட்டிலுக்கு ஏற்கெனவே ஆள் உள்ள போயாச்சு."

"யாரு போனா?"

"அம்மான்னாங்களே."

அவள் அவர் கையைத் தள்ளிவிட்டுக் கதவில் மோதினாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கண்ணாடி வழியே தெரிந்த தம்பியின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. திரை அசையவில்லை.

அவள் உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினாள்.

காவலாளி இரக்கப்பட்டு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்கம்மா. நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. பாவம், அவ எங்கேயும் அலைய வேண்டாம், பதியற வேலையை நானே பாத்துக்கறேன்னு சொல்லச் சொன்னாங்க."